தலை நிமிர்ந்த கம்பி

"தங்கச்சி, இந்தத் தண்ணியிலை மீனே இல்லை."

நீக்கிலாப்பிள்ளை இதைச் சொன்னபோது, பக்கத்தில் தவராணியின் வாளிக்குள் பத்தொன்பது மீன் கிடந்தது.

தவராணி வாளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

இருபதாவதைத் தூக்கி உள்ளே போட்டாள்.

அது நடுக்குளிர் காலம், தை மாதம். கனடாவில் சிம்கோ என்றொரு ஏரி. கடல் என்று சொன்னாலும் நம்பலாம், அவ்வளவு அகலம். மார்கழியில் மேல்தண்ணீர் இறுகத் தொடங்கும். தைக்குள் நடந்துபோகிற தரையாகிவிடும். சனங்கள் அதன்மேல் போய், துளை போட்டு, வாளியைக் கவிழ்த்துக் குந்தியிருந்து தூண்டில் விடுவார்கள்.

பேர்ச் என்று ஒரு மீன். ஒரு சாண் இருந்தால் அதுவே பெரிது. மஞ்சள் உடம்பு, பச்சை வரி, முதுகில் முள். பொரித்தால் முள்ளை மட்டும்தான் தட்டில் காணலாம்.

நீக்கிலாப்பிள்ளை குருநகர் ஆள். நாற்பது வருடம் கடல். கைநூலில் ஒரு இழுவை வந்தால் போதும், தலையைச் சரித்து, மீனைக் காணமுதலே விளையா, பாரையா, ஒட்டியா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது பிழையாய்ப் போனதைக் கண்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரோடும் அவர் கதைப்பதில்லை.

தவராணி வன்னியில் ஒரு வயல் ஊரில் பிறந்தவள். கடலை அவள் முதன்முதல் பார்த்தது விமான யன்னலுக்குள்ளால். நீந்தத் தெரியாது. கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். சனிக்கிழமை ஏரிக்கு வருவாள்.

அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

அவளிடம்தான் அவர் படிக்க வந்திருந்தார்.

*

"ஐஸிலை மீன் பிடிக்கிறதெண்டா அந்தப் பிள்ளையிட்டைக் கேளுங்கோ" என்று மாதா கோயில் வாசலில் யாரோ சொல்லித்தான் அவர் போனது.

"தங்கச்சி, எனக்குப் படிப்பிக்க வேணும்."

"நான் படிப்பிக்கிறேல்லை, அண்ணை."

"அப்ப?"

"பக்கத்திலை இருங்கோ. ஒரு வாளி கொண்டு வாங்கோ."

"மீன் போடவோ?"

"குந்தியிருக்க."

நீக்கிலாப்பிள்ளைக்கு மூக்கு நுனி சூடேறியது. ஆனாலும் போகவில்லை. அவருக்கு அந்த மீன் வேண்டியிருந்தது.

"இந்த வயதிலை, இந்தக் குளிருக்கை, உங்களுக்கு ஏன் அண்ணை இந்த வேலை?" என்று அவள் கேட்டாள்.

அப்போதுதான் மகன் ஜெறாட்டின் கதை வந்தது.

ஜெறாட் இருப்பது சட்பரியில். வடக்கே நாலு மணித்தியால ஓட்டம். சுரங்கத்தில் இயந்திரம் திருத்துகிற வேலை. தனி ஆள். தாய் இறந்துபோனதில் இருந்து இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும், பூசை முடிகிற நேரம் பார்த்துத் தகப்பனுக்குத் தொலைபேசி எடுப்பான்.

"அப்பா, இஞ்சை வந்து என்னோட இருங்கோ."

"மாட்டன்."

"அந்த நிலக்கீழ் அறையிலை தனிய என்ன செய்யிறியள்?"

"இருக்கிறன்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பாடு."

பிறகு அவன் கத்துவான். இவர் கத்துவார். யாராவது ஒருவர் தொலைபேசியை வெட்டுவார். அடுத்த ஞாயிறு திரும்ப மணி அடிக்கும்.

"இஞ்சை ஐஸிலை பேர்ச் பிடிக்கலாம் அப்பா, வாங்கோ, ரெண்டு பேரும் போவம்" என்றும் ஒருநாள் ஆசை காட்டினான். பொரித்த பேர்ச் என்றால் அவனுக்கு உயிர்.

"ஓட்டையைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கிறதுக்குப் பேர் மீன்பிடியோ?" என்று இவர் வெட்டிவிட்டார்.

கிறிஸ்மஸ் முடிந்து வந்த முதல் ஞாயிறு அவன் கத்தவில்லை.

"சரி அப்பா. உங்கட விருப்பம்" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அதற்கு அடுத்ததும் அடிக்கவில்லை.

"அடங்கிட்டான்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "ரெண்டு வருசம் இழுத்துப் பாத்தான். நான் அசையேல்லை. விட்டிட்டான்."

"நீங்கள் எடுத்துப் பாக்கிறதுதானே?"

"எடுக்கிறவன் அவன். நான் எடுக்கிறேல்லை."

"அப்ப நேரை போங்கோவன்."

"போகத்தான் போறன். வெறுங்கையோட போவனோ? எங்கட பக்கத்திலை கடலுக்குப் போறவன் இன்னொருத்தன்ரை படலை திறந்தா, கையிலை ஒரு கோர்வை மீன் இருக்கும். சம்பந்தம் பேசப் போனாலும் மீன். கோபம் தீர்க்கப் போனாலும் மீன். அதுகும் தான் பிடிச்ச மீன்."

"கடையிலை நல்ல பேர்ச் இருக்கு, அண்ணை."

"கடை மீனோட போறதுக்குக் கடிதம் போடலாம்."

ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒரு வாளி. என்ரை கையாலை ஒரு வாளி பிடிச்சா, அடுத்த நாள் பஸ் ஏறிடுவன். அதுவரைக்கும் அவன்ரை வாசல்லை கால் வைக்கன்."

தவராணி அவருடைய காலைப் பார்த்தாள்.

"உந்தச் சப்பாத்தோடயோ ஐஸுக்கு வரப்போறியள்?"

கோயிலுக்குப் போடுகிற கறுப்புத் தோல் சப்பாத்து. அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"வேறை இருக்கு. முழங்கால் உயரத்துக்கு, உள்ளுக்கை கம்பளி வைச்சது. மகன் அனுப்பினவன். பெட்டி கட்டிலுக்குக் கீழை கிடக்கு."

"ஏன் போடேல்லை?"

"அவன் சொல்லியோ நான் சப்பாத்துப் போடுறது?"

*

முதல் சனிக்கிழமை கரையை விட்டு இறங்கும்போதே ஒரு சங்கடம்.

தவராணி கையில் கடப்பாரை போல ஒரு அலவாங்கு. நாலு அடிக்கு ஒரு தரம் அதை முன்னால் ஓங்கி ஐஸில் குத்துவாள். தலையைச் சரித்துக் கேட்பாள். பிறகு நடப்பாள்.

"வேலிக்குக் கதியால் தடி நடுறியளோ, தங்கச்சி?" என்று பின்னால் வந்தவர் கேட்டார்.

அவள் குத்தினாள். கேட்டாள். நடந்தாள்.

கரை தள்ளிப் போனபின் ஏரி உறுமியது. பெரிய இரும்புத் தகட்டை யாரோ கீழே இருந்து அறைந்த மாதிரி ஒரு சத்தம். அது ஒரு கரையில் கிளம்பி அவர்களுடைய காலுக்குக் கீழால் ஓடி மற்றக் கரைக்குப் போனது.

"யேசுவே!" என்று நீக்கிலாப்பிள்ளை குப்புற விழுந்தார். நாற்பது வருடம் புயலுக்குள்ளால் வந்தவர், ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

தவராணி சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கினாள்.

"குளிர் கூடுது, ஐஸ் இறுகுது. கத்துற ஐஸிலை பயமில்லை, அண்ணை."

"கத்தாத ஐஸ்?"

அவள் அலவாங்கை ஓங்கி அடுத்த குத்துக் குத்தினாள்.

பிறகு அவள் துளை போட்டதைப் பார்க்க வேண்டும். நெஞ்சளவு உயரத் துரப்பணம். அதைக் கையால் சுற்றிப் பன்னிரண்டு துளை. மூச்சு வாங்கவில்லை. ஒவ்வொரு துளையிலும் மிதந்த ஐஸ்துருவலை, சோறு வடிக்கிற கண் அகப்பை ஒன்றால் வழித்து எறிந்தாள். நாற்று நட்ட கை என்று பார்த்தவுடன் தெரியும். குனிந்தால் குனிந்தபடி வரிசை பிடித்துப் போவாள்.

ஒரு துளையில் கொஞ்ச நேரம் தூண்டில் விடுவாள். இல்லையென்றால் எழும்பி அடுத்ததுக்குப் போய்விடுவாள். போகமுதல், விட்ட துளையில் ஒரு பைன் கொப்பை ஒடித்து நட்டுவிடுவாள்.

"உது என்னத்துக்கு?"

"பின்னாலை வாறவை காலை விட்டிடுவினம்."

நீக்கிலாப்பிள்ளை அப்படி எழும்புகிற ஆளில்லை. கடலில் அவர் மீன் நிற்கிற பார் கண்டு வள்ளத்தை நிறுத்தினால் நிறுத்தினதுதான். முதல் துளையிலேயே வாளியைக் கவிழ்த்துக் குந்தினார். ஊரில் இருந்து கொண்டுவந்த கைநூலைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு இழுவைக்குக் காத்திருந்தார்.

விறைத்தது. விரல் விறைத்தது, கால் விறைத்தது, மீசை விறைத்தது.

இழுவை வரவில்லை.

அப்போதுதான் அவர் அந்த ஏரியில் மீன் இல்லை என்று கண்டுபிடித்தது.

*

இரண்டாவது சனிக்கிழமை அவள் அவருக்கு ஒரு தூண்டில் தடி கொடுத்தாள்.

முழ நீளம். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"உதென்ன, பல்லுக் குத்தவோ?"

தடியின் நுனியில் ஒரு மெல்லிய கம்பி. ஈர்க்கைவிட மெல்லிசு. தூண்டில் முள்ளோடு இருந்த ஈயக் குண்டின் கனத்துக்கு அது தலை குனிந்து நின்றது.

"கம்பியைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தார். இமை வெட்டாமல் பார்த்தார். மீன் இழுத்தால் அந்தக் குனிந்த தலை இன்னும் குனியும், அதுதானே கணக்கு. குனியட்டும், சுண்டி ஒரே வெட்டு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கம்பி குனியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தவராணி கையை நீட்டி, அவர் பிடித்திருந்த தடியை அவருடைய கையோடு சேர்த்து மெல்ல உயர்த்தினாள்.

மீன் இருந்தது.

"இது எப்ப வந்தது!"

அவள் அதைக் கழற்றி ஏரிக்குள்ளேயே விட்டுவிட்டாள். "உது நீங்கள் பிடிச்சதில்லை."

திரும்பவும் முள்ளை இறக்கினார். திரும்பவும் பார்த்தார். கம்பி குனியவில்லை. திரும்பவும் அவள் கை நீண்டது. திரும்பவும் மீன்.

அவருக்கு ஆத்திரம் வந்தது. அதற்குள்ளே இன்னொன்றும் வந்தது. குருநகரில் ஒருவனைப் பார்த்தும் வராத ஒன்று.

"தங்கச்சி, நான் ஆரையும் லேசிலை கெட்டிக்காரன் எண்டு சொல்லமாட்டன். என்ரை தகப்பனையே சொன்னதில்லை. நீர் கெட்டிக்காரி. எப்பிடித் தெரிஞ்சது? எனக்கு ஒரு இழுவையும் தெரியேல்லையே. உமக்கு இதைக் காட்டித் தந்தது ஆர்? எத்தினை வருசமா..."

தவராணி சுட்டுவிரலை உதட்டில் வைத்தாள். துளையைக் காட்டினாள்.

அவர் வாயை மூடினார். நாலு நிமிடம் மூடியிருந்தார். அவருக்கு அது பெரிய விசயம்.

பின்னேரம் அவளுடைய கம்பியில் ஏதோ நடந்தது. என்ன நடந்ததென்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் நடந்தது தெரிந்தது. அவள் தடியை அவரிடம் நீட்டினாள்.

விட்டாரா? பாரை மீனுக்கு வெட்டுகிற வெட்டு வெட்டினார். தோள்மூட்டில் இருந்து. வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

நூல் மேலே வந்தது. மீன் வரவில்லை.

தவராணி முள்ளைக் கையில் எடுத்தாள். அதில் என்னவோ ஒட்டியிருந்தது. கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். கடதாசி போல மெல்லிய, வெள்ளைத் தோல் துண்டு.

ஒரு மீனின் உதடு.

நீக்கிலாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ ஆயிரம் மீனை அடித்துப் போட்டவர். அந்தச் சின்னத் தோல் துண்டை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"குளிர்காலத்திலை அதுக்குச் சீவன் குறைவு, அண்ணை. வெட்டி இழுத்தா கிழிஞ்சிடும். அது தூக்கிற அளவுக்கு நீங்களும் தூக்குங்கோ."

"அது தூக்கிறதோ? மீன் எங்கையாவது தூக்குமோ? இழுக்கத்தானே செய்யும்!"

அவள் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். பிடித்த துளையிலும் ஒரு கொப்பை நட்டாள்.

அடுத்த நாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்தது. நீக்கிலாப்பிள்ளை அறைக்கு வந்து, கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, முன்னால் கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தார்.

மத்தியானம் திரும்பியது. மணி அடிக்கவில்லை.

"நல்ல நிம்மதி" என்று சுவருக்குச் சொன்னார்.

*

மூன்றாவது சனிக்கிழமை காற்று இல்லை. ஏரியும் உறுமவில்லை. அலவாங்கு நாலு அடிக்கு ஒரு தரம் விழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் விழுந்தது. இந்தமுறை பின்னால் வந்தவர் பகிடி விடவில்லை. அவளுடைய கால் பட்ட இடத்திலேயே தன் காலை வைத்து வந்தார். அதே கோயில் சப்பாத்து, உள்ளே மூன்று சோடி காலுறை.

அன்று அவரும் துளை துளையாக எழும்பினார். விட்ட துளையில் கொப்பு நட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நட்டார்.

தவராணி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஏழாவது துளையில் அவர் வாளியைக் கவிழ்த்தார். கம்பி தலை குனிந்து நின்றது.

"தங்கச்சி, ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லும். அது கடிச்சா என்ன நடக்கும்?"

தவராணி தன் பையைத் துழாவி, ஒரு சின்ன ஈயக் குண்டை எடுத்தாள். அவருடைய இடது கையைப் பிடித்து, கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிச்சிருங்கோ. விழுத்தாதேங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"மகன் எடுத்தவனோ?"

"ஆர், ஜெறாட்டோ? இல்லை. நாலு ஞாயிறு போட்டுது. நான்தான் சொன்னனே, அடங்கிட்டான் எண்டு. முந்தியெண்டா என்ன கத்து! 'குளிசை போட்டியளோ, கதவு பூட்டினியளோ, வெளியிலை போகேக்கை தொப்பி போட்டியளோ.' நான் என்ன குழந்தைப்பிள்ளையோ? காதுக்குள்ளை இடி விழுந்த மாதிரி. ஒருக்கா நான் எடுக்கேல்லையெண்டு, ராவேலை முடிச்ச கையோட நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்து கதவிலை இடிக்கிறான். நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான்! துவாயோட வந்து கதவு திறக்கிறன். உயிரோட நிக்கிறனெண்டு கண்டாப் பிறகு, வாசல்லை நிண்டபடி அரை மணித்தியாலம் ஏச்சு. ஏசிப்போட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பிப் போட்டான். அவ்வளவு இழுவை. இப்ப பாரும், சத்தமில்லை. நான் வெண்டிட்டன்."

"கையிலை என்ன இருக்கு, அண்ணை?"

"குண்டு."

"பாருங்கோ."

பார்த்தார். உள்ளங்கை வெறுமையாக இருந்தது.

குண்டு தவராணியின் மடியில் இருந்தது.

"எப்ப எடுத்தனீர்?"

"நீங்கள் துவாயோட நிக்கேக்கை."

நீக்கிலாப்பிள்ளை சிரிக்க வாய் எடுத்தார். சிரிப்பு வரவில்லை. வெறுங்கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கம்பியைப் பார்த்தார்.

இந்தமுறை அவர் இழுவையைத் தேடவில்லை.

கம்பி குனிந்து நின்றது. ஈயத்தின் கனத்துக்குக் குனிந்து, அசையாமல் நின்றது.

நின்றது.

நின்றது.

பிறகு தலை நிமிர்ந்தது.

அவ்வளவுதான். ஒரு நெல்லின் அளவு. இழுவை இல்லை, துடிப்பு இல்லை. குனிந்து நின்றது நிமிர்ந்தது. கீழே யாரோ அந்தக் கனத்தை வாயில் வாங்கி, கொஞ்சம் மேலே எழும்பி, அப்படியே நின்ற மாதிரி. நூல் தொய்ந்தது.

நாற்பது வருடத்தில் எத்தனை தரம் நூல் தொய்ந்திருக்கும். ஒன்றுமில்லை என்று எத்தனை தரம் விட்டிருப்பார்.

வெட்டவில்லை. அது தூக்கிய அளவுக்கு அவரும் தூக்கினார்.

நூல் இறுகியது. கீழே ஒரு உயிர் தலையை ஆட்டியது.

மஞ்சள் உடம்பு, பச்சை வரி. துளையின் விளிம்பில் தண்ணீர் தெறிக்க, அவருடைய முதல் பேர்ச் ஐஸில் விழுந்து துள்ளியது.

தவராணி இரண்டு கையும் கூப்பினாள். பகிடிக்கு இல்லை.

"கூட்டம் வந்திட்டுது, அண்ணை. விடுங்கோ, விடுங்கோ. இனி வாளி நிரம்பும்."

விட்டார். கம்பி குனிந்தது, நிமிர்ந்தது. இரண்டாவது. திரும்ப விட்டார். மூன்றாவது. வாளியை நிமிர்த்தி மீனை உள்ளே போட்டு, ஐஸிலேயே முழங்காலில் நின்றார். முகத்தில் பத்து வயது கழன்று போயிருந்தது. காலுக்குக் கீழே பேர்ச் கூட்டம் பாய் விரித்த மாதிரி நின்றது. மகனுடைய வாசலுக்குப் போகிற வாளி அரை மணித்தியாலத்தில் நிரம்பிவிடும்.

நாலாவது தரம் முள்ளை இறக்கினார்.

கம்பி குனிந்தது. பிறகு தலை நிமிர்ந்தது.

நீக்கிலாப்பிள்ளை தூக்கவில்லை.

நிமிர்ந்த கம்பியைப் பார்த்தபடியே நின்றார்.

"அண்ணை, கடிக்குது."

அவர் கேட்கவில்லை.

"அண்ணை!"

"தங்கச்சி" என்றார். "கடைசியா எடுத்த அண்டைக்கு ஜெறாட் என்ன சொன்னவன் எண்டு உமக்குச் சொன்னனான்?"

"'சரி அப்பா, உங்கட விருப்பம்' எண்டு."

"நூல் தொய்ஞ்சதை நான் விட்டிட்டான் எண்டு நினைச்சிட்டன்."

தூண்டில் தடியை அவர் ஐஸில் வைத்தார். கூட்டம் கடித்துக்கொண்டிருக்கும்போது தூண்டிலை வைத்த குருநகர் ஆள் அவருக்கு முந்தி யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். கைத்தொலைபேசியை எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக மணி அடித்தால் காதில் வைக்க மட்டுமே பழகியவர்.

"இதிலை நான் எடுக்கிறதெண்டா எங்கை அமத்திறது?"

தவராணி வாங்கி, மகனின் பெயரில் ஒரு தரம் அழுத்தி, திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. கனநேரம் அடித்தது.

"ஹலோ."

கத்தல் இல்லை. கோபம் இல்லை. யாரோ தெரியாத ஒருவருக்குச் சொல்கிற ஹலோ.

ஏன்ரா நாலு கிழமையா எடுக்கேல்லை என்பது நீக்கிலாப்பிள்ளையின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"மோனை" என்றார்.

"என்ன அப்பா? ஏதும் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். ஏரிக்கு வந்தனான். ஐஸுக்கு மேலை நிக்கிறன்."

"..."

"நீ சொன்ன பேர்ச் பிடிக்க."

"..."

"எனக்கு உது தெரியேல்லை, மோனை. நீ வந்து காட்டித் தாறியே?"

வாளிக்குள் மூன்று மீனும் தடதடவென்று அடித்தன. தவராணி சட்டென்று கையுறையை வாளியின் வாயில் போட்டு மூடினாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நீக்கிலாப்பிள்ளை அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை.

"அப்பா."

"சொல்லு."

"கால்லை என்ன போட்டிருக்கிறியள்?"

"சப்பாத்து."

"எந்தச் சப்பாத்து?"

"கோயிலுக்குப் போடுறது."

வந்தது. தொலைபேசியே நடுங்குகிற மாதிரி வந்தது.

"உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? கோயில் சப்பாத்தோட ஐஸிலை நிக்கிறியளோ? விழுந்து இடுப்பு உடைஞ்சா ஆர் தூக்கிறது? நான் அனுப்பினது எங்கை? பெட்டியும் உடைச்சிருக்கமாட்டியள், எனக்குத் தெரியும்! எந்தப் பக்கம் நிக்கிறியள்? ஆரோட வந்தனீங்கள்? அசையாமல் நில்லுங்கோ, நான் இப்ப வெளிக்கிடுறன்..."

ஏழு முழம் தள்ளிப் போனாலும் தவராணிக்கு அது கேட்டிருக்கும்.

நீக்கிலாப்பிள்ளை அப்படியே ஐஸில் குந்தினார். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கைநூலில் என்ன மீன் என்று பார்க்கும்போது தலை சரிப்பாரே, அந்தச் சரிவு.

"அண்ணை" என்று தவராணி மெல்லக் கூப்பிட்டாள். "கம்பி நிமிருது."

அவர் கண் திறக்கவில்லை.

சுட்டுவிரலை எடுத்து உதட்டில் வைத்தார்.